மட்டக்களப்பில் நாம் கட்டும் வரிக்குக் கணக்குக் கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி மழை தொடங்கித் தாழ்வான ஒழுங்கைகளில் வெள்ளம் ஏறியதும் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "இவ்வளவு வரி கட்டுறம், அந்தக் காசெல்லாம் எங்க போகுது?" கேள்வி நியாயமானது. ஆனால் அதைச் சரியான அலுவலகத்தில், சரியான வடிவத்தில் கேட்டால்தான் கடதாசியில் பதில் வரும். அயலவர்களுக்குத் தகவல் கோரிக்கைக் கடிதங்கள் எழுத உதவி வருகிறேன். அப்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கடையில் வெட்டுகிற 18 வீத வற் வரியில் மாநகர சபைக்கு எவ்வளவு போகிறது?

நேரடியாக ஒரு சதமும் இல்லை. வற் எனப்படும் பெறுமதி சேர் வரி, 2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின்படி உள்நாட்டு இறைவரித் திணைக்களம் அறவிடும் வரி. 2023 முடியும்வரை 15 வீதமாக இருந்து, 2024 ஜனவரி 1 இலிருந்து 18 ஆனது. புளியந்தீவில் ஒரு கடையில் 5,900 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், அதில் 900 ரூபாய் வற். அந்த 900 ரூபாய் கொழும்புக்குப் போய், அரசாங்கத்தின் திரட்டு நிதியத்தில் விழுகிறது. 2022 ஒக்ரோபரில் வந்த 2.5 வீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் போவது அங்கேதான்.

அங்கிருந்து மட்டக்களப்புக்குப் பணம் திரும்பி வராமலில்லை. வருகிறது, ஆனால் வேறு வேறு பெயர்களில்: உள்ளூராட்சி ஊழியர்களின் சம்பளத்துக்கான மானியம், மாகாணத்துக்கான அபிவிருத்திக் கொடை, அமைச்சுகளின் திட்ட நிதி, பாராளுமன்ற உறுப்பினர்கள் சிபாரிசு செய்யும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி என்று. வாய்க்கால்கள் எல்லாம் குளத்தில் கலந்த பிறகு, எந்தத் தண்ணீர் எந்த வாய்க்காலால் வந்தது என்று பிரிக்க முடியாது. அதனால் "என் வற் பணத்தை என்ன செய்தீர்கள்?" என்று மாநகர சபையிடம் கேட்டால், "எங்களிடம் அப்படி ஒரு கணக்கு இல்லை" என்பார்கள். அது உண்மைதான். "எங்கள் ஒழுங்கை வடிகானுக்கு எந்த நிதியிலிருந்து எவ்வளவு செலவானது?" என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருந்தே ஆக வேண்டும்.

இந்தப் பக்கத்தில் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள். வரியைப் பின்தொடராதீர்கள். வேலையைப் பின்தொடருங்கள்.

கடைக்காரர் வாங்கிய வற் உண்மையாகவே அரசாங்கத்துக்குப் போகிறதா என்று எப்படித் தெரியும்?

வற்றுக்குப் பதிவு செய்த வியாபாரிகள் மட்டுமே வற் என்று எழுதி வாங்கலாம். பில்லில் அவர்களுடைய வற் பதிவிலக்கம் இருக்கிறதா பாருங்கள். பொதுவாக ஒன்பது இலக்க வரி இலக்கமும், அதன் பின்னால் 7000 என்ற நான்கு இலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்தை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் போட்டுப் பார்க்கலாம். இலக்கம் இல்லாமல் "வற் 18%" என்று மட்டும் அச்சடித்திருந்தால் கேள்வி கேளுங்கள். சின்னப் பலசரக்குக் கடைகளில் பெரும்பாலானவை பதிவு எல்லைக்குள் வருவதே இல்லை. அவை தனியாக வற் வெட்டவும் முடியாது.

விற்பனை வரி மாகாணத்துக்கு வந்த காலம் ஒன்று இருந்ததாமே?

இருந்தது. 1987 இன் 13 ஆவது திருத்தம், மொத்த, சில்லறை விற்பனை மீதான புரள்வு வரியை மாகாண சபைகளின் பட்டியலில் வைத்தது. மாகாணங்கள் அதை அறவிட்டும் வந்தன. 2011 இலிருந்து அது நிறுத்தப்பட்டு, பதிலாக மத்திய அரசின் தேச கட்டுமான வரியில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்கு என்று ஏற்பாடானது. 2019 டிசம்பரில் தேச கட்டுமான வரியும் இல்லாமல் போனது.

இதைப் பழைய கதை என்று விட்டுவிட முடியாது. வரி உள்ளூரில் சேர்ந்து உள்ளூரில் செலவானால், கணக்குக் கேட்க வேண்டிய ஆளும் உள்ளூரில் இருப்பார். இப்போது கிழக்கு மாகாண சபைக்கு 2017 செப்டெம்பரோடு காலம் முடிந்து, ஆளுநரின் கீழ் நிருவாகம் நடக்கிறது. திருகோணமலையிலிருந்து வருகிற நிதியைப் பற்றிக் கேள்வி கேட்க, மக்கள் தெரிவு செய்த மாகாண உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. மாகாண நிதிக்கு இப்போது எழுத்தில் கேட்பது இன்னும் கூடுதல் அவசியம்.

வெளிநாடுகளில் நகரங்களே விற்பனை வரி வாங்குகின்றனவே, அங்கே எப்படிக் கணக்குக் காட்டுகிறார்கள்?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் நகரங்களுக்கு விற்பனை வரியில் சொந்தப் பங்கு உண்டு. கலிபோர்னியாவின் ஸ்ரொக்டன் நகரம் 2012 இல் வங்குரோத்துக்கு மனுச் செய்தது. அடுத்த ஆண்டு, டொலருக்கு முக்கால் சதம் மேலதிக விற்பனை வரி கேட்டு மக்களிடம் வாக்குக்குப் போனது. மக்கள் சம்மதித்தார்கள். அந்த வரியின் வரவையும் செலவையும் பார்க்க நகரவாசிகளைக் கொண்ட ஒரு குழுவும் அமைந்தது. வரி கேட்கும்போதே கண்காணிப்பும் சேர்ந்து வந்தது. நம்முடைய ஊரில் அப்படியொரு வாக்கெடுப்பு இல்லை. ஆனால் ஆவணத்தைக் கேட்டு வாங்கும் உரிமையில் நம்முடைய சட்டம் பலவீனமானதல்ல. அதைக் கீழே சொல்கிறேன்.

சரி, மாநகர சபைக்குச் சொந்தமாக என்ன வருமானம்?

முதலாவது சோலை வரி, அதாவது ஆதன மதிப்பீட்டு வரி. முழு ஆண்டுக்கும் ஜனவரி 31 க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம். இந்தக் கழிவு பலருக்குத் தெரியாததால் ஒவ்வோர் ஆண்டும் வீணாகிறது. அடுத்தது வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், சந்தைக் கடை வாடகையும் குத்தகையும், கட்டட அனுமதிக் கட்டணம், விளம்பரப் பலகைக் கட்டணம், கேளிக்கை வரி. காணி விற்பனையின் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணம் வழியாக வந்து சேரும்.

பொதுச் சந்தையில் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் நன்றாகத் தெரியும். ஒரே ஆள் கடை வாடகையும் அனுமதிப்பத்திரக் கட்டணமும் வீட்டுக்குச் சோலை வரியும் கட்டுகிறார். சபையின் வருமானத்தில் அவருடைய பங்கு மூன்று இடத்தில் இருக்கிறது. ஆனாலும் சந்தைக் கூரை ஒழுகுவதற்கு யாரிடம் கேட்பது என்று அவர்தான் கடைசியாகத் தெரிந்துகொள்கிறார்.

எங்கள் வீதி யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கேட்டால் கடிதம் மேசைக்கு மேசை அலையும். கொழும்பிலிருந்து வெல்லவாய வழியாக வந்து மட்டக்களப்பில் முடிகிற ஏ4, திருகோணமலைக்குப் போகிற ஏ15 போன்ற பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. கல்லடிப் பாலமும் அந்தக் கணக்கில்தான் வரும். இடைத்தர வீதிகள் சில மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. உள் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் மாநகர சபையுடையவை. ஆனால் மாநகர சபை ஒழுங்கையில் போடும் கொங்கிறீட்டுக்குக் காசு மாவட்டச் செயலகத்திலிருந்தும் வரலாம், மாகாணத்திலிருந்தும் வரலாம். வேலை நடக்கும்போது நட்டுவைக்கும் பெயர்ப் பலகையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் பெயர், நிதி தந்தவர், தொகை, ஒப்பந்தகாரர், தொடங்கிய திகதி, முடிக்க வேண்டிய திகதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் பலகை காணாமல் போகும். படம் இருந்தால் போதும்.

பலகையே இல்லையா? அதையும் கேள்வியாக எழுதலாம்.

வரவு செலவுத் திட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

நிதியாண்டு ஜனவரி 1 இலிருந்து டிசம்பர் 31 வரை. அடுத்த ஆண்டுக்கான திட்டம் ஆண்டு முடிவதற்குள் சபையில் வரும். புத்தகம் தடிப்பாக இருக்கும். முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை. முதலில் மதிப்பிட்ட வருமானத்தையும், கடந்த ஆண்டு உண்மையில் வந்த வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் பெரிய தொகை மதிப்பிட்டு, அதில் பாதிகூட வராமல் இருந்தால், அந்த வருமானத்தை நம்பி எழுதிய வேலைகள் வெறும் எழுத்துத்தான். அப்புறம் மூலதனச் செலவுப் பகுதிக்குப் போங்கள். உங்கள் வட்டாரத்தின் பெயர் அங்கே எங்காவது வருகிறதா, "பல்வேறு வேலைகள்" என்று மொத்தமாகப் போட்ட தொகை எவ்வளவு என்று பாருங்கள். அந்த "பல்வேறு" என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பட்டியலைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சோலை வரி நிலுவை எவ்வளவு என்பதும் முக்கியம். ஒழுங்காகக் கட்டுகிறவர்களின் பணத்தில், கட்டாதவர்களுக்கும் குப்பை அள்ளப்படுகிறது. நிலுவை ஏறிக்கொண்டே போனால், அதை அறவிட என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று கேட்கும் உரிமை ஒழுங்காகக் கட்டியவருக்கு உண்டு.

கணக்காய்வு அறிக்கை என்கிறார்களே, அதை நாங்கள் பார்க்கலாமா?

பார்க்கலாம். அரசியலமைப்பின்படி உள்ளூராட்சி மன்றங்களின் கணக்கையும் கணக்காய்வாளர் தலைமை அதிபதிதான் பார்க்கிறார். 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் அந்தப் பணிக்கு மேலும் பலம் சேர்த்தது. அறிக்கைகள் தேசிய கணக்காய்வு அலுவலகத்தின் இணையத்தளத்தில் வெளியாகின்றன. அதில் எண்களைவிட, ஒவ்வொரு குறைபாட்டுக்கும் கீழே இருக்கும் சபையின் பதிலை வாசியுங்கள். "நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற பதில் அடுத்த ஆண்டு அறிக்கையிலும் அப்படியே இருந்தால், அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார உறுப்பினரிடம் போங்கள். வெறும் வாயால் கேட்பதற்கும் அந்தப் பக்கத்தை மேசையில் வைத்துக் கேட்பதற்கும் வித்தியாசம் உடனே தெரியும்.

தகவல் கேட்டு எழுதுவது எப்படி?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை, மாவட்டச் செயலகம், மாகாணத் திணைக்களங்கள் எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. அச்சடித்த படிவம் இருக்கிறது, ஆனால் வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். தமிழில் எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம். அதைத் தகவல் அலுவலர் எழுதி எடுக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. முகப்பு மேசையில் "உங்களுக்கு இது எதுக்கு?" என்று கேட்டால், "சட்டப்படி காரணம் தேவையில்லை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, கடிதம் கிடைத்ததற்கான எழுத்து மூல அத்தாட்சியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி ஒடுக்கமாக இருக்க வேண்டும். "கடந்த ஐந்து வருட செலவு விபரம் முழுவதும் தரவும்" என்று எழுதினால் காலம் இழுபடும், வருவதும் பொத்தாம்பொதுவாக இருக்கும். ஒரு வடிகான் வேலைக்கு இப்படி எழுதலாம்:

"எமது வட்டாரத்தில் இன்ன வீதி முதலாம் குறுக்கு ஒழுங்கையில் 2025 ஆம் ஆண்டு நடைபெற்ற வடிகான் வேலை தொடர்பில் பின்வரும் ஆவணங்களின் பிரதிகளைத் தரவும். ஒன்று, வேலைக்கான மதிப்பீடும் அளவுப் பட்டியலும். இரண்டு, கிடைத்த விலைமனுக்களின் ஒப்பீட்டு அறிக்கையும் ஒப்பந்தம் வழங்கிய கடிதமும். மூன்று, வேலையை அளந்து பதிந்த அளவீட்டுத் தாள்களும் கொடுப்பனவு உறுதிச்சீட்டுகளும். நான்கு, நிதி எந்த மூலத்திலிருந்து கிடைத்தது என்பதைக் காட்டும் ஆவணம்."

இவ்வளவுதான். "ஏன் இப்படிச் செய்தீர்கள்?", "யார் இதற்குப் பொறுப்பு?" என்று எழுதாதீர்கள். சட்டம் தருவது ஆவணத்தைத்தான், விளக்கத்தை அல்ல. கோபம் நியாயமானதாக இருந்தாலும் அதைக் கடிதத்தில் வைக்க வேண்டாம். ஆவணம் கையில் வந்த பிறகு அதற்கு வேலை இருக்கும்.

பிரதிக் கட்டணம் சின்னத் தொகைதான், முதல் நான்கு ஏ4 பக்கங்கள் இலவசம். நேரில் போய்க் கோப்பைப் பார்வையிடவும் கேட்கலாம்.

பதில் வராவிட்டால்?

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். தருவதாக முடிவானால் அடுத்த 14 நாட்களுக்குள் தகவல் வர வேண்டும். மிகப் பெரிய தொகையான பக்கங்கள் என்றால் 21 நாட்கள்வரை நீடிக்கலாம், அதையும் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். மறுத்தால், அல்லது பேசாமல் இருந்தால், 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அங்கும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பில் உள்ள தகவலுக்கான உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

பலர் முதல் மௌனத்தோடு விட்டுவிடுகிறார்கள். நாட்காட்டியில் திகதியைக் குறித்து வைத்து, காலம் முடிந்த மறுநாளே மேன்முறையீட்டை அனுப்புங்கள். நான் பார்த்தவரையில், பதில்கள் பல அந்த இரண்டாவது கடிதத்துக்குப் பிறகுதான் வந்திருக்கின்றன.

ஆவணம் வந்துவிட்டது. எஞ்சினியரிங் படிக்காத நாங்கள் அதை வைத்து என்ன செய்வது?

அளவு நாடா ஒன்று இருந்தால் தொடங்கலாம். அளவீட்டுத் தாளில் 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் தடிப்பான கொங்கிறீட் வீதி என்று இருக்கிறது என்று வைப்போம். பெருக்கினால் 45 கனமீற்றர், அதாவது ஏறக்குறைய 16 கியூப். வீதியில் இறங்கி நீளத்தையும் அகலத்தையும் அளவுங்கள். தடிப்பை வீதியின் ஓரத்தில், மண் விலகிய இடத்தில் பார்க்கலாம். ஓர் இடத்தில் மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்; பல இடங்களில் அளந்து எழுதுங்கள். 15 என்று பணம் கொடுத்த இடத்தில் திரும்பத் திரும்ப 10 தான் நிற்கிறது என்றால், மூன்றில் ஒரு பங்கு கொங்கிறீட் எங்கே என்ற கேள்வி எழும். மேசன் வேலை செய்யும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நம் ஊரில் ஒவ்வோர் ஒழுங்கையிலும் அப்படி ஒருவர் இருக்கிறார், அவர் கண்ணுக்குத் தப்பாதது நிறைய.

அளவு சரியாக இருந்தால் அதையும் ஊரில் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்த தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கும் ஒப்பந்தகாரருக்கும் அந்த மரியாதை சேர வேண்டும்.

வித்தியாசம் இருந்தால் ஆவணப் பிரதியையும் உங்கள் அளவையும் படங்களையும் சேர்த்து மாநகர ஆணையாளருக்குக் கடிதம் எழுதி, மாவட்டத்தின் உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் கணக்காய்வு அலுவலகத்துக்கும் பிரதி அனுப்புங்கள். குற்றச்சாட்டாக எழுதாமல், "அளவில் இந்த வித்தியாசம் தெரிகிறது, பரிசோதிக்கவும்" என்று எழுதுங்கள்.

சபையே இல்லாத காலத்தில் நடந்த செலவைக் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். உள்ளூராட்சி மன்றங்களின் காலம் 2023 மார்ச் 19 உடன் முடிந்தது. தேர்தல் 2025 மே 6 அன்றுதான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேலாக, மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் இல்லாமல் அதிகாரிகள் நிருவாகத்தில் செலவுகள் நடந்தன. சபை அமர்வில் கேள்வி எழுப்ப ஆளில்லாத காலம் அது. ஆனால் உறுதிச்சீட்டுகள் அப்போதும் எழுதப்பட்டன. தகவலுக்கான உரிமைச் சட்டம் வந்த பிறகு உருவான பதிவேடுகளைக் குறைந்தது 12 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். "அந்தக் காலத்து ஃபைல் இப்ப இல்லை" என்ற பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்று ஆட்களுக்கும் இதே வழிதானா?

அதே வழிதான். நகர சபைகளும் பிரதேச சபைகளும் வேறு சட்டங்களின் கீழ் இயங்கினாலும், தகவல் உரிமையும் கணக்காய்வும் எல்லாருக்கும் ஒன்றே. கடிதத்தின் மேல் விலாசம் மட்டும் மாறும்.

ஒப்பந்தகாரர் எங்கள் ஊர்க்காரர். என் பெயரில் கடிதம் போட்டால் வில்லங்கம் வராதா?

இந்தப் பயம் சும்மா இல்லை. சின்ன ஊர், எல்லாரும் சொந்தம், நாளைக்கு ஒரே திருவிழாவில் நிற்க வேண்டும். அதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது இலங்கைப் பிரஜைகளாக இருந்தால், ஒரு சங்கமும் தகவல் கேட்கலாம். பதிவு செய்த சங்கமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், மீனவர் சங்கம், கோயில் அல்லது பள்ளிவாசல் நிருவாக சபை, விளையாட்டுக் கழகம் எதன் பெயரிலும் எழுதலாம். கூட்டத்தில் ஒரு தீர்மானமாக எடுத்து, தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டு அனுப்புங்கள். அப்போது கேட்டது ஓர் ஆள் இல்லை. பதில் வந்ததும் அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் வாசித்து, பிரதியைச் சங்கக் கோப்பில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் வேறொருவர் செயலாளராக வந்தாலும் கோப்பு அங்கேயே இருக்கும்.